ஹாங்காங்கில் சமூக நிறுவனம் தொடங்குவோருக்கு: வரிவிலக்கு, மானியம், சம்பள விதிகள்

வியாபாரம் செய்து அதன் வழியே சமூக நோக்கத்தை நிறைவேற்றுவதுதான் சமூக நிறுவனம். ஹாங்காங்கில் அந்தப் பெயரில் தனியாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கென்று சட்டமும் இல்லை, தனி நிறுவன வடிவமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்கும் பேக்கரியும் முதியோரை வேலைக்கு வைக்கும் துப்புரவு நிறுவனமும் சட்டத்தைப் பொறுத்தவரை ஒன்று சாதாரணக் கம்பெனி, இல்லையென்றால் அறநிறுவனம். மானியம், வரி, முதலீடு என்று பின்னால் வருவதெல்லாம் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அமையும். அவசரத்தில் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

முதல் வழி, பங்கு மூலதனம் உள்ள சாதாரண பிரைவேட் லிமிடெட். முதலீட்டாளரைச் சேர்க்கலாம், லாபத்தைப் பங்கிடலாம். லாப வரி முதல் 20 லட்சம் ஹாங்காங் டாலருக்கு 8.25 சதவீதம், அதற்கு மேல் 16.5 சதவீதம். ஒருவருக்கே பல கம்பெனிகள் இருந்தால் அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே அந்தக் குறைந்த விகிதம் கிடைக்கும்.

இரண்டாம் வழி, பங்கு மூலதனமே இல்லாத உத்தரவாத நிறுவனம். உறுப்பினர்களுக்கு லாபத்தில் பங்கு கிடையாது. நிறுவனத்தைக் கலைக்கும் நிலை வந்தால், ஒத்துக்கொண்ட சிறு தொகையை மட்டும் அவர்கள் கட்டுவார்கள். குறைந்தது 2 இயக்குநர்கள் வேண்டும், இருவரும் தனிநபர்களாக இருக்க வேண்டும். அறநிறுவன அங்கீகாரம் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த வடிவத்தையே எடுக்கிறார்கள்.

பிரிவு 88

உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 88-ஆம் பிரிவுதான் அறநிறுவனங்களுக்கு வரிவிலக்கு தருகிறது. விண்ணப்பத்தைப் பார்க்கும் வருவாய்த் துறை முதலில் கையில் எடுப்பது நிறுவனத்தின் அமைப்பு விதிகளைத்தான். நோக்கங்கள் தெளிவாகவும், முழுக்க அறம் சார்ந்தவையாகவும் இருக்க வேண்டும். பணம் அந்த நோக்கங்களுக்கே செலவாகும், உறுப்பினர்களுக்குப் பங்கிடப்படாது, நிர்வாகக் குழுவினர் சம்பளம் வாங்க மாட்டார்கள், கலைத்தால் மிச்சச் சொத்து வேறொரு அறநிறுவனத்துக்குப் போகும், கணக்குகள் ஆண்டுதோறும் முறையாகத் தயாராகும் என்ற வாசகங்களும் விதிகளில் இருக்க வேண்டும். இவற்றோடு கடந்த 12 மாதங்களில் செய்த பணிகளின் பட்டியலையும் அடுத்த 12 மாதங்களுக்கான திட்டத்தையும் இணைக்க வேண்டும்.

நிறுவனரே இயக்குநராக இருந்து மாதச் சம்பளமும் வாங்க நினைத்தால், 'நிர்வாகக் குழுவுக்குச் சம்பளம் இல்லை' என்ற வாசகம் குறுக்கே நிற்கும். ஒன்று குழுவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குழுவிலிருந்து விலகி மேலாளராகச் சம்பளம் வாங்க வேண்டும். இதைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

நோக்கத்தை எழுதும்போதும் கவனம் தேவை. வறுமை ஒழிப்பு, கல்வி, சமயம் ஆகிய மூன்றும் உலகில் எங்கே நடந்தாலும் அறமாகக் கொள்ளப்படும். இந்த மூன்றிலும் அடங்காத பொதுநலப் பணியாக இருந்தால், அதன் பயன் ஹாங்காங் சமூகத்துக்குக் கிடைக்க வேண்டும்.

வியாபாரம் செய்தால் வரிவிலக்கு நிற்குமா?

மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். 88 கிடைத்துவிட்டால் கடை லாபத்துக்கும் வரி கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வியாபார லாபத்துக்கு விலக்கு வேண்டுமானால், லாபம் முழுவதும் அறப்பணிக்கே போக வேண்டும். அதில் கணிசமான பகுதி ஹாங்காங்குக்கு வெளியே செலவாகக் கூடாது. மூன்றாவதாக, அந்த வியாபாரமே அமைப்பின் நோக்கத்தை நிறைவேற்றும் செயலாக இருக்க வேண்டும், அல்லது யாருடைய நலனுக்காக அமைப்பு இருக்கிறதோ அவர்களே பெரும்பாலான வேலையைச் செய்ய வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு நடத்தும் பேக்கரியில் மாவு பிசைவதும் சுடுவதும் விற்பதும் பெரும்பாலும் அவர்களே என்றால் மூன்றாவது நிபந்தனை நிறைவேறிவிடும். அதே அமைப்பு வெளியிலிருந்து பொருள் வாங்கி, சாதாரண ஊழியர்களை வைத்துப் பரிசுப் பொருள் கடை நடத்தினால், லாபத்தின் கடைசிக் காசு வரை சேவைக்குப் போனாலும் வரி உண்டு. ஆண்டு லாபம் 6 லட்சம் டாலர் என்றால் வரி 49,500 டாலர்.

இதே 6 லட்சத்தைச் சாதாரணக் கம்பெனி ஈட்டினால் என்ன ஆகும்? அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடையை, வரிக்குரிய லாபத்தில் 35 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். 2,10,000 டாலர் நன்கொடை கொடுத்தால் மீதி 3,90,000-க்கு வரி 32,175 டாலர். முதலீட்டாளர் வேண்டும், நிறுவனருக்குச் சம்பளமும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழியே நேர்மையானது, சுலபமானதும்கூட. அறநிறுவனம் என்ற பெயருக்காக மட்டும் 88-ஐத் தேடிப் போவதில் பயனில்லை.

மானியங்கள்

முக்கியமானவை இரண்டு. சமூக நலத் துறையின் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறுதொழில் திட்டம் 2001-இல் தொடங்கியது. அரசு சாரா அமைப்புகளுக்கு உரியது. ஒரு தொழிலுக்கு அதிகபட்சம் 30 லட்சம் டாலர் கிடைக்கும். கடை அமைப்பு, கருவிகள், ஆரம்பகால நடைமுறைச் செலவு ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். ஊழியர்களில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும், அவர்களுக்கு முறையான வேலை ஒப்பந்தமும் சம்பளமும் இருக்க வேண்டும். பயிற்சிப்படி மட்டும் கொடுத்துக் கணக்குக் காட்ட முடியாது.

'பாதி' என்பதைச் சரியாகப் பாதியில் நிறுத்தாதீர்கள். 8 பேரில் 4 பேர் என்று தொடங்கினால், ஒருவர் விலகியதும் 7 பேரில் 3 பேர் ஆகிவிடும், நிபந்தனை உடைந்துவிடும். 8 பேருக்கு 5 பேர் என்று திட்டமிட்டால் ஒருவர் போனாலும் தாங்கும்.

மற்றொன்று உள்துறை விவகாரத் துறை 2006 முதல் நடத்தும் மாவட்டக் கூட்டாண்மைத் திட்டம். நலிந்தோருக்கு உள்ளூரிலேயே வேலை உருவாக்குவது இதன் நோக்கம். உச்ச வரம்பு 30 லட்சம் டாலர், காலம் 3 ஆண்டுவரை. மானியம் முடிந்த பிறகு தொழில் தன் காலில் நிற்குமா என்பதைக் கூர்ந்து பார்ப்பார்கள். அதனால் திட்ட அறிக்கையில் நான்காம் ஆண்டின் கணக்கையும் எழுதுங்கள். ஹாங்காங்கில் கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுக்குத்தான். மானியம் நிற்கும் அதே சமயத்தில் வாடகையும் ஏறினால் பல கடைகள் தாங்காது. ஒப்பந்தம் போடும்போதே, புதுப்பிக்கும் உரிமையையும் ஏற்றத்துக்கான உச்ச வரம்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சம்பளம்

சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2011 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 மே 1-இல் அது மணிக்கு 42.10 டாலராக உயர்ந்தது. இனி ஆண்டுதோறும் திருத்தம் வரும், ஒப்பந்தம் எழுதும் நாளில் அமலில் உள்ள தொகையைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஊழியர் விரும்பினால் தன் உற்பத்தித் திறனை மதிப்பிடச் சொல்லலாம், அந்தச் சதவீதப்படி சம்பளம் அமையும். அதற்கு முன் 4 வாரம்வரை சோதனைக் காலம் உண்டு, அப்போதும் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. மதிப்பீட்டைக் கேட்கும் உரிமை ஊழியருக்கு மட்டுமே உண்டு. முதலாளி வற்புறுத்த முடியாது, வற்புறுத்தவும் கூடாது.

பகுதிநேர ஊழியர்களை நம்பி நடக்கும் கடைகள் 2026 ஜனவரி 18-இல் வந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு தொடர்ந்து 4 வாரம், வாரத்துக்கு 18 மணி நேரம் வேலை செய்தவரே தொடர் ஊழியராகக் கருதப்பட்டார். இப்போது வாரத்துக்கு 17 மணி நேரம் போதும். ஒரு வாரம் குறைந்தாலும் 4 வாரத்தில் மொத்தம் 68 மணி நேரம் வந்தால் அந்த வாரமும் சேரும். இதனால் விடுப்பு, விடுமுறைச் சம்பளம் முதலிய உரிமைகள் பெறுவோர் கூடுவார்கள். 60 நாளோ அதற்கு மேலோ வேலைக்கு வைக்கும், 18 முதல் 64 வயதுவரையுள்ள ஒவ்வொருவருக்கும் எம்பிஎஃப் ஓய்வூதியக் கணக்கில் அவர் வருமானத்தில் 5 சதவீதத்தை முதலாளி கட்ட வேண்டும். மாத வருமானம் 7,100 டாலருக்குக் குறைவாக இருந்தால் ஊழியரின் பங்குக்கு விலக்கு உண்டு, முதலாளியின் பங்குக்கு இல்லை. பணிவிபத்துக் காப்பீடு ஒரு மணி நேரம் வேலை செய்பவருக்கும் கட்டாயம்.

உணவுக் கடை என்றால் உரிமம் கைக்கு வரும்வரை விற்க முடியாது. தற்காலிக உரிமம் 6 மாதத்துக்குத்தான், அதற்குள் முழு உரிமத்துக்கான வேலைகளை முடித்தாக வேண்டும். தொழிற்கூடக் கட்டடத்தில் வாடகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கே உணவகம் நடத்த, அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அரசின் நில ஒப்பந்தம் அனுமதிக்காமல் போகலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் நில ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிடுங்கள்.