நெஞ்சு முந்தும், கால் பிந்தும்

டிரையத்லான் பயிற்சியை ஆரம்பித்து ஏழாவது வாரம். ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டே மூச்சிரைக்காமல் பேச முடிந்தது. அந்த உற்சாகத்தில் ஓடும் தூரத்தை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கினேன். சில நாட்களில், காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் கணைக்கால் எலும்பின் உள்பக்கம் சுருக்கென்றது. எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனால், ஒரு நாணயம் அளவுள்ள இடத்தில் மட்டும் தொட்டாலே வலி.

இருபது வயதை ஒட்டித் தொடங்குகிற பலருக்கு இந்த வலி வருகிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் விளையாட்டுதான் டிரையத்லான். 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்ற ஸ்பிரிண்ட் (குறுகிய போட்டி) தூரம் இளவயதில் எட்டாத ஒன்றல்ல. ஆனால் உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை.

முதலில் மாறுவது ரத்தம். ஓரிரு வாரங்களுக்குள் அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அதிகம் என்பதால், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் அதிகம். அதே வேகத்தில் ஓட இப்போது குறைவான துடிப்பே போதும். 'போன வாரத்தைவிட லேசா இருக்கே' என்று தோன்றுவது வெறும் பிரமையல்ல.

அப்புறம் தசை. ஜான் ஹோலோசி எலிகளைச் சில மாதங்கள் டிரெட்மில்லில் ஓடவைத்துச் செய்த ஆய்வு 1967இல் வெளியானது. அவற்றின் கால் தசையில், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. மனிதத் தசையிலும் சில வாரங்களிலேயே இந்த வளர்ச்சி தெரிய ஆரம்பிக்கும்.

தசைநாண் கதை வேறு. ஓடும்போது கெண்டைக்கால் தசையையும் குதிகாலையும் இணைக்கும் அக்கிலிஸ் நாண் நம் எடையைப் போல் பல மடங்கு இழுவையைத் தாங்குகிறது. ஆனால் அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அது எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று அறிய ஒரு விநோதமான வழி உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது, பிறகு மெல்லக் குறைந்தது. உணவு வழியே உடம்புக்குள் வந்த கார்பன்-14 ஒரு திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அது எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த முறையில் அக்கிலிஸ் நாணை அளந்து 2013இல் வெளியிட்ட முடிவு என்னை உலுக்கிவிட்டது: நாணின் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். ஆனாலும் பயிற்சியால் நாண் விறைப்பாகும், வலுப்படும். அதற்கு மாதங்கள் ஆகும், அவ்வளவுதான்.

எலும்புக்குப் புதுப்பிப்பு உண்டு, ஆனால் அது நடக்கும் வரிசையில்தான் சிக்கல். அதிகப்படியான சுமையால் நுண்ணிய சேதம் ஏற்பட்டால், ஒருவகைச் செல்கள் முதலில் அந்த இடத்தை அரித்துக் குழியாக்கும். அதற்குச் சில வாரங்கள் போதும். இன்னொரு வகை வந்து புது எலும்பால் குழியை நிரப்பிக் கெட்டியாக்க மாதக்கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிட பலவீனம். நெஞ்சு 'இன்னும் ஓடு' என்று தூண்டுவதும் சரியாக அதே வாரங்களில்தான். ஒரே புள்ளியில் குத்தும் வலியோடு தொடர்ந்து ஓடினால் அது எலும்புக் கீறலில் போய் முடியலாம். என் கால் அதுவரை போகாமல் தப்பியது. அப்படி வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

டிரையத்லானின் அழகே எனக்கு இங்கேதான் தெரிகிறது. நீச்சலிலும் சைக்கிளிலும் கால் தரையில் மோதுவதில்லை. எலும்பு பழகும்வரை இதயத்துக்கான வேலையை அவை இரண்டுமே கொடுத்துவிடும். நீச்சலில் புதியவர்களைத் திணறடிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவல்ல, வெளியே விடாமல் அடக்கிய மூச்சில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழியாக ஊதிவிட்டால், தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டுமே பாக்கி. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழும். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான தண்ணீரை அப்புறம் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியதுதான்.

அதற்காக ஓட்டத்தை ஒத்திப்போடவும் கூடாது. மோதல் இல்லாமல் எலும்பு கெட்டிப்படாது. நல்லவேளையாக, எலும்புச் செல்கள் சில டஜன் அதிர்வுகளுக்குத்தான் நன்றாகச் செவிசாய்க்கும். அதன்பின் மரத்துப்போய், சில மணி நேர ஓய்வுக்குப் பிறகே மீண்டும் கவனிக்கும். ஆகவே எலும்பைப் பொறுத்தவரை வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டத்தைவிட, பல நாள் குட்டிக்குட்டியாக ஓடுவது மேல்.

வலி முழுக்கப் போன பிறகு நான் அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தேன்: சைக்கிளை நிறுத்திவிட்டு உடனே பத்து நிமிட ஓட்டம். முதல் சில நிமிடம் கால் தனதில்லை என்பதுபோல் இருக்கும். மிதிக்கும்போது தசை சுருங்கித் தள்ளினால் போதும், ஓடும்போதோ காலூன்றும் ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். ஒரு தாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற நரம்புகள் திணறுகின்றன. இதற்கு மட்டும் மாதங்கள் தேவைப்படவில்லை. நாலைந்து முறை செய்ததுமே அந்தத் தள்ளாட்டம் நன்றாகக் குறைந்துவிட்டது.