ஒரே அடையாளம், இரண்டு சிப்

சி2, 20, 19. ஒரு கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் அதன் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்), தரவைச் சேமித்து வைக்கும் பிளாஷ் சிப்பிடம் ‘நீ யார்?’ என்று கேட்கும். சிப் இப்படி மூன்று பைட்டில் பதில் சொல்லும். கேள்வியும் 9எஃப் என்ற ஒற்றை பைட்தான். எல்லாமே பதினறும எண்கள், அதாவது 16-ஐ அடியாகக் கொண்டவை.

சி2 என்பது மேக்ரானிக்ஸ் நிறுவனம். 20 சிப்பின் வகை. கடைசி 19-ஐப் பதின்ம முறையில் எழுதினால் 25. அதாவது 2-ன் 25-ஆம் அடுக்கு, 3,35,54,432 பைட். நம் பேச்சில் 32 எம்பி. டிரைவர் இந்த மூன்றையும் தன் பட்டியலில் தேடி, அந்த வரியில் உள்ளபடி நடந்துகொள்ளும்.

பதில் தப்பாக வந்தால் முதலில் பட்டியலைத் திருத்தப் போகாதீர்கள். வெறும் 00 அல்லது எஃப்எஃப் மட்டும் வந்தால், பெரும்பாலும் சிப் பேசவே இல்லை. 84, 40, 32 என்று வந்தால்? புதிய சிப் போலத் தோன்றும். ஆனால் சி2-ஐ இருமத்தில் எழுதிப் பாருங்கள்: 11000010. முதல் பிட்டைத் தவறவிட்டு எல்லாவற்றையும் ஓர் இடம் நகர்த்தினால் கிடைப்பதுதான் 84. பிட்டுகளை எப்போது படிப்பது என்று தாளம் போடும் கிளாக்கின் நேரம் பிசகியிருக்கிறது. இதைக் காட்டிக்கொடுக்க ஒரு துப்பும் உண்டு: சிப்களுக்கான தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு தரும் நிறுவன எண்ணில் ஒன்றுகள் எப்போதும் ஒற்றைப்படையில் இருக்கும். 84-ல் இரண்டே ஒன்றுகள், ஆகவே அது யாருடைய எண்ணும் அல்ல.

சரி, பதில் பிசகில்லாமல் வந்தும் சிக்கல் வந்தால்? மேக்ரானிக்ஸின் எம்எக்ஸ்25எல்25635 சிப்பில் ஈ, எஃப் என இரண்டு பதிப்புகள். இரண்டும் சொல்வது அதே சி2, 20, 19. தரவு சிப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி மூன்று பைட் என்றால் 16 எம்பியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நான்கு பைட் வேண்டும். எஃப் பதிப்புக்கு அதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. ஈ பதிப்புக்குக் கிடையாது; அதை நான்கு பைட் நிலைக்கு மாற்றிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

பட்டியலில் இன்னொரு வரி சேர்த்துப் பயனில்லை, தேடும் எண் ஒன்றுதானே. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் செய்தது இதுதான்: சிப் தன் திறன்களைத் தானே சொல்லும் எஸ்எஃப்டிபி என்ற அட்டவணை சிப்புக்குள்ளேயே இருக்கிறது, 5ஏ கட்டளையால் படிக்கலாம். கட்டளை, முகவரி, தரவு மூன்றையும் நான்கு கம்பிகளில் அனுப்பும் வேகப் படிப்பு தெரியும் என்று எஃப் மட்டும் அதில் சொல்கிறது. அந்த ஒரு பிட்டைப் பார்த்து, இருந்தால் எஃப் என்று முடிவு செய்கிறார்கள். கொஞ்சம் குறுக்கு வழிதான், ஆனால் சிப் வேறு எதையும் சொல்வதில்லையே!

ஈ-யை எஃப் என்று எண்ணினால் தவறு உடனே தெரியும், ஏனென்றால் அதற்குப் புரியாத கட்டளை போகிறது. எஃப்-ஐ ஈ என்று எண்ணினால் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். அப்புறம் ஒருநாள் கருவி திடீரென ரீசெட் ஆகும். சிப் மட்டும் டிரைவர் மாற்றிவைத்த நான்கு பைட் நிலையிலேயே நின்றிருக்கும். கருவியைத் தொடங்கிவைக்கும் பூட் நிரல் மூன்று பைட் முகவரியை அனுப்பிவிட்டுத் தரவுக்குக் காத்திருக்க, சிப் நான்காவது பைட்டுக்குக் காத்திருக்கும்.