கையொப்பமிடும் உரிமை யாருக்கு? சிறு தீவுகளின் சுயநிர்ணயம் பற்றி ஒரு கடல்சட்ட வழக்கறிஞரின் குறிப்பு

கடல்சார் சட்டத்தில் பணியாற்றுவோரின் மேசைக்கு மீன்பிடி உரிமம், கப்பல் பதிவு, காப்பீடு என ஏதோ ஒரு வடிவில் பசிபிக்கில் நியூசிலாந்தின்கீழ் உள்ள டோக்கெலாவ், கரீபியனில் பிரிட்டனின்கீழ் உள்ள மொன்செராட், அங்குவிலா போன்ற தீவுகளின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அத்தகைய ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது விலையை அன்று. கையொப்பமிட்டவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையே. சுதந்திர நாடு என்றால் விடை எளிது. தொலைவிலுள்ள நாடொன்றின் இறையாண்மையின்கீழ் தன்னாட்சி நடத்தும் தீவு என்றால், அந்தக் கேள்விக்குள்ளேயே அதன் அரசியல் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கும்.

முழுமையான தன்னாட்சி பெறாத பகுதிகள் என ஐ.நா. வைத்திருக்கும் பட்டியலில் இன்று 17 இடங்கள் உள்ளன. அவற்றுள் 10 பிரிட்டனின் பொறுப்பில் உள்ளவை. இவற்றுக்குத் தனிநாடு அல்லது அடிமைத்தனம் என இரண்டே வழிகள்தாம் உண்டு என்று சட்டம் பயிலும் இளைஞர்கள்கூட நினைக்கிறார்கள். 1960இல் பொதுச்சபை நிறைவேற்றிய 1541ஆம் தீர்மானமோ தனிநாடாதல், தன் விருப்பத்தின்பேரில் மற்றொரு நாட்டுடன் இணக்க உறவு கொண்டு தன்னாட்சி நடத்துதல், முழுமையாக இணைந்துவிடுதல் என மூன்று வழிகளை ஏற்றது. மக்கள் தாமே தேர்ந்துகொள்ளும் வேறெந்த அரசியல் நிலையும் செல்லும் என்று 1970இன் 2625ஆம் தீர்மானம் அதை மேலும் விரித்தது.

டோக்கெலாவ் நல்ல எடுத்துக்காட்டு. அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காஓஃபோ என்னும் மூன்று பவளத்தீவுகள். ஏறத்தாழ 1,500 மக்கள். விமான நிலையம் கிடையாது, சமோவாவின் அப்பியா துறைமுகத்திலிருந்து கப்பலில்தான் போக வேண்டும். நியூசிலாந்துடன் இணக்க உறவு கொண்ட தன்னாட்சிக்கு மாறலாமா என்று 2006இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்ட நிலையில் 60 விழுக்காடே கிடைத்தது. மறு ஆண்டு 64.4 விழுக்காடு வரை உயர்ந்தும் 16 வாக்குகள் குறைந்தன. பெரும்பான்மையினர் விரும்பியும் நிறைவேறவில்லையே என்று வருந்துவோர் உண்டு. மாற்றம் வேண்டாம் என்பதும் சுயநிர்ணயத்தின் ஒரு விடைதான் என்பதே என் கருத்து.

அந்த வாக்கெடுப்புகளைவிட டோக்கெலாவின் அன்றாட வாழ்வை அதிகம் மாற்றியது மீன். நிலப்பரப்பு பத்துச் சதுர கிலோமீட்டரை ஒட்டியதே என்றாலும், அதைச் சூழ்ந்த, மீன்வள உரிமை அதற்கே உரிய பொருளாதாரக் கடற்பகுதி மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். சூரை மீனைத் தேடி வரும் தொலைதூர நாடுகளின் சுருக்குவலைக் கப்பல்களுடன் ஒவ்வொரு தீவும் தனித்தனியே பேரம் பேசிய காலத்தில், விலையைக் கப்பல் நிறுவனங்களே தீர்மானித்தன. 1982இல் நவூரு உடன்பாட்டில் ஒன்றுசேர்ந்த பசிபிக் நாடுகள், பின்னர் மீன்பிடி நாள்களுக்கு மொத்த உச்சவரம்பு வைத்து, அவற்றைத் தமக்குள் பங்கிட்டு, ஒரு நாளுக்கு இவ்வளவு எனக் குறைந்தபட்ச விலையும் நிர்ணயித்தன. அந்த விலை 2015இல் 8,000 அமெரிக்க டாலரை எட்டியது. டோக்கெலாவ் அந்த உடன்பாட்டின் உறுப்பு நாடு அன்று. ஆயினும் இந்த மீன்பிடி நாள் திட்டத்தில் பங்கேற்கிறது. நியூசிலாந்து குறுக்கே நிற்கவில்லை. மானியத்தையே நம்பியிருந்த தீவுகளுக்கு இன்று மீன்பிடி உரிமக் கட்டணம் முக்கிய வருவாய்.

கரீபியனில் நிலைமை சற்றுச் சிக்கலானது. அங்குவிலா மக்கள் 1967இல் அண்டைத்தீவான செயின்ட் கிட்ஸின் ஆட்சியிலிருந்து பிரிய வாக்களித்தார்கள். 1969இல் பிரிட்டன் படையை இறக்கியது. 1980இல் பிரிவு முறைப்படி முடிந்தது. அதே அங்குவிலா இன்று பயன்படுத்தும் கிழக்குக் கரீபியன் டாலரை வெளியிடும் மத்திய வங்கியின் தலைமையகம் செயின்ட் கிட்ஸின் பாஸ்டேர் நகரில்தான் இருக்கிறது. ஆள வேண்டாம் என்று விலக்கிய அண்டைத்தீவுடன் நாணயத்தைப் பகிர்ந்துகொள்வதில் முரண் ஏதுமில்லை. முன்னது திணிக்கப்பட்டது, பின்னது தேர்ந்துகொண்டது.

தானே தேர்ந்துகொண்ட கூட்டு கைகொடுப்பது பேரிடர்க் காப்பீட்டிலும் உண்டு. 2017இல் இர்மா புயல் அங்குவிலாவைச் சிதைத்தபோது, அது உயர் வருமானப் பகுதி என்பதால் அதற்குத் தரும் உதவி பன்னாட்டு விதிகளின்படி வளர்ச்சி உதவியாகக் கணக்கில் சேராது என்ற விவாதம் பிரிட்டனில் எழுந்தது. கரீபியன் அரசுகள் 2007இல் கூட்டாக அமைத்த காப்பீட்டு நிதியமோ, 14 நாள்களுக்குள் இழப்பீடு வழங்கும் தன் முறைப்படி பணத்தைக் கொடுத்தது.

ஆனால் பிரிட்டனின் பகுதி எதுவும் வட்டார உடன்படிக்கையில் கையொப்பமிட வேண்டுமென்றால், லண்டனின் அதிகார ஒப்படைப்புக் கடிதம் வேண்டும். கிழக்குக் கரீபியன் நாடுகள் அமைப்பின் தொடக்க உறுப்பினரான மொன்செராட்டும் இதற்கு விலக்கன்று. கூட்டுறவே தன்னாட்சியின் அடித்தளமாக இருக்கும் இடத்தில், கூட்டுச் சேரும் அனுமதியைப் பிறர் வைத்திருப்பதுதான் உண்மையான தடை. பெயரளவில் விரிந்த உரிமை உள்ள இடத்திலும் இந்த இழுபறி தொடர்கிறது. நியூசிலாந்துடன் 1965 முதல் இணக்க உறவில் உள்ள குக் தீவுகள் 2025இல் சீனாவுடன் ஒப்பந்தங்கள் செய்தபோது, முன்கூட்டிக் கலந்து பேசவில்லை என்று கூறி வெலிங்டன் நிதியுதவியின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. கலந்தாலோசனை எதுவரை கட்டாயம் என்பதில் இரு அரசுகளும் தம் உறவு பற்றிய 2001ஆம் ஆண்டின் கூட்டறிக்கையை வெவ்வேறு விதமாகப் படித்தன.