வைர மோதிரம்: எடையைக் கேட்கும் முன் மில்லிமீட்டரைக் கேளுங்கள்

நிச்சயதார்த்த மோதிரம் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை சென்ட்?" என்றுதான். ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். விலைச்சீட்டு சென்டில் பேசுகிறது, வாங்குகிறவரும் சென்டிலேயே பேசிவிட்டு வருகிறார். விரலில் போட்டபின் யார் கண்ணுக்கும் எடை தெரியப்போவதில்லை. கல் மேலிருந்து எவ்வளவு அகலமாகத் தெரிகிறது, உள்ளே போன வெளிச்சம் எவ்வளவு திரும்பி வருகிறது, இவ்வளவுதான் தெரியும். இரண்டுமே பட்டை தீட்டியவரின் கைவேலை.

கோவையில் வைர நகைகளை மதிப்பிடுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வாங்கிய மோதிரம் சரிதானா என்று பார்க்கச் சிலர் வருகிறார்கள். கல் உடைந்தபின் பலர் வருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கொஞ்சம் விசாரித்திருந்தால் இந்த இரண்டு கூட்டமும் குறைந்திருக்கும். எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

வட்ட வைரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலானோர் வாங்குவது அதைத்தான். அதில் 57 பட்டைகள். அடிமுனையையும் சிறு பட்டையாகத் தீட்டினால் 58. எந்தச் சாய்வில் தீட்டினால் வெளிச்சம் நன்றாகத் திரும்பும் என்று, வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919இல் கணக்கிட்டு வெளியிட்டார்: மேல்பாகம் 34.5 டிகிரி, அடிப்பாகம் 40.75 டிகிரி. நன்றாகத் தீட்டிய கற்கள் இன்றும் இந்த எண்களை ஒட்டியே இருக்கின்றன. அடிப்பாகம் தட்டையாகிவிட்டால் வெளிச்சம் கீழ்வழியே கசிந்துபோய், கல்லுக்குள் மீன்கண் மாதிரி வெளிறிய வளையம் தெரியும். ஆழம் மிஞ்சினால் நடுப்பகுதி இருண்டுவிடும்.

கணக்கு தெரிந்தும் ஏன் தப்பாகத் தீட்டுகிறார்கள்? பணம்தான் காரணம். வைரத்தின் விலை ஒரே சீராக ஏறுவதில்லை. அரை காரட், ஒரு காரட் போன்ற எல்லைகளைத் தாண்டும்போது காரட்டுக்கான விலையே துள்ளி ஏறும். 92 சென்டில் அழகாக முடிந்திருக்க வேண்டிய கல்லை, அடிப்பாகத்தில் ஆழத்தை விட்டு, மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடுப்பு விளிம்பைத் தடிமனாக வைத்து, எப்படியாவது ஒரு காரட் என்று எழுத வைத்துவிடுகிறார்கள். நன்றாகத் தீட்டிய ஒரு காரட் வட்ட வைரம் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆழம் அகலத்தில் 66, 67 சதவீதம் வரை போன ஒரு காரட் கல் 6.2 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடும். நல்ல 90 சென்ட் கல்லும் 6.2 மில்லிமீட்டர்தான். ஆக, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தொங்கும் பத்து சென்டுக்கு, அதுவும் ஒரு காரட்டின் உயர்ந்த விலையில், பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். மினுமினுப்பும் குறைந்திருக்கும் என்பது மேற்கொண்டு கிடைக்கும் வெகுமதி.

சான்றிதழில் இதெல்லாம் அச்சாகியே இருக்கிறது. வைரங்களைத் தரம் பிரித்துச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. ஆய்வகம் 2006 முதல் வட்ட வைரத்தின் தீட்டுநேர்த்திக்கு 'எக்ஸலன்ட்' முதல் 'புவர்' வரை ஐந்து தரங்கள் கொடுக்கிறது. நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்கினாலும் இதில் இறங்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. ஆழம் 59 முதல் 62.5 சதவீதத்துக்குள், மேலே தெரியும் பெரிய தட்டைப் பட்டையான மேல்முகம் 54 முதல் 58 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இதே கணக்குதான். அங்கே விலையே குறைவு என்பதால், மோசமாகத் தீட்டிய கல்லை வாங்குவதற்குச் சாக்கே கிடையாது.

வட்டத்தைத் தவிர்த்த மற்ற வடிவங்களில் சிக்கல் வேறு. ஓவல், பிரின்சஸ் (கூர்மூலைச் சதுரம்), எமரால்டு (நீள்சதுரம்), குஷன் (மூலை மழுங்கிய சதுரம்), மார்க்கீஸ் (இரு முனையும் கூரான படகு வடிவம்), கண்ணீர்த்துளி போன்றவற்றின் சான்றிதழில் பெரும்பாலும் மெருகும் சமச்சீரும் மட்டுமே குறித்திருக்கும். வெளிச்சத்தை எவ்வளவு திருப்புகிறது என்று ஒரு தரமும் இருக்காது. "எக்ஸலன்ட், எக்ஸலன்ட்" என்று இரண்டு இடத்தில் இருப்பதைக் காட்டி விற்றுவிடுவார்கள். இங்கே நம் கண்ணை நம்பித்தான் ஆகவேண்டும்.

இப்போது பலரும் விரும்பிக் கேட்பது ஓவல். அதே எடையில் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரியும், விரலையும் நீளமாகக் காட்டும், விலையும் பொதுவாகக் குறைவு. அதன் பலவீனம் நடுவே குறுக்காக விழும் கறுப்பு நிழல். 'போ டை' என்று தொழிலில் சொல்வார்கள். கல்லைக் குனிந்து பார்க்கிற நம் தலையே வெளிச்சத்தை மறைக்க, நடுப் பட்டைகள் அந்த இருட்டைத் திருப்பிக் காட்டுகின்றன. லேசாக இருந்தால் அதுவும் ஓர் அழகு. கல்லை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்த நிழல் விலகவில்லை என்றால் வேறு கல் கேளுங்கள். மார்க்கீஸிலும் கண்ணீர்த்துளியிலும் இதே தொல்லை உண்டு. கூர்முனைகளில் மஞ்சள் சாயலும் சீக்கிரம் தெரியும்.

கடைக்குள் நின்று இதைக் கண்டுபிடிக்க முடியாது. நகைக்கடையின் கூரையில் வரிசையாக எரியும் சிறு விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். மோதிரத்தை வாசல் பக்கம் கொண்டுபோய், நேர் வெயில் படாத நிழலில், கையை இயல்பாக வைத்துப் பாருங்கள். வெயிலில் வைத்தால் தீப்பொறி தெறிக்கும், கல்லின் முகம் தெரியாது. "வெளியே எடுத்துப்போகக் கூடாது" என்றால், ஊழியர் ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி, உடைவது. வைரத்தைக் கீற வைரத்தால்தான் முடியும், அதனால் உடையாது என்று நினைக்கிறார்கள். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரப் படிகத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத்தளங்கள் இருக்கின்றன; சரியான கோணத்தில் பட்டால் சின்ன இடியே போதும். பழுதுக்கு வரும் பிரின்சஸ் கற்களில் நான் முதலில் பார்ப்பது நான்கு மூலைகளைத்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழ், மூலையைக் கவ்வியிருக்கும் தங்கக் காலுக்கு அடியில் படிக்கட்டு மாதிரி ஒரு சில்லு போயிருக்கும். போட்டவருக்கு எப்போது நடந்தது என்றே தெரியாது. பேருந்துக் கம்பி, ஸ்கூட்டர் பிரேக் பிடி, கிரைண்டர் கல் என்று எதில் வேண்டுமானாலும் பட்டிருக்கலாம். சில சமயம் கல் பதித்தவர் காலை அழுத்தி மடக்கியபோதே போயிருக்கும்.

பிரின்சஸ் பிடித்திருந்தால் வாங்குங்கள். மூலைகளை 'வி' வடிவக் கால்களால் மூடிப் பதிக்கச் சொல்லுங்கள். மார்க்கீஸின் இரு முனைக்கும் கண்ணீர்த்துளியின் ஒரு முனைக்கும் இதே காப்பு வேண்டும். தினமும் சமைத்து, பாத்திரம் துலக்கி, வண்டி ஓட்டும் கைக்கு வட்டமோ ஓவலோ குஷனோ ஏற்றது; அதையும் உயரத் தூக்கி நிறுத்தாமல் தாழ்வாகப் பதிப்பது நல்லது. எமரால்டு வடிவத்தில் மூலைகளை வெட்டிவிட்டிருப்பார்கள் என்பதால் அதற்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் அதன் நீண்ட பட்டைகள் திறந்த ஜன்னல் மாதிரி. உள்ளே இருக்கும் சிறு கரும்புள்ளிகூட நேராகத் தெரியும். அதில் தெளிவுக்குக் கூடுதலாகச் செலவழித்தே ஆகவேண்டும். தோஷம் பார்க்கிற குடும்பத்தில் பெரியவர்கள் லென்ஸ் இல்லாமலே அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்!

நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி காதில் விழும் இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 'பெல்ஜியம் கட்'. எந்தச் சான்றிதழிலும் அப்படி ஒரு தரம் கிடையாது. உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படுவது சூரத்தில். உலகத்தரமான வேலையும் அங்கே நடக்கிறது, அரைகுறை வேலையும் நடக்கிறது. இன்னொன்று, 'ப்ளூ ஜாகர்'. அந்தப் பெயர் வந்த தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கற்கள்தான். அந்த ஒளிர்வு கெடுதல் அல்ல. மிக அதிகமாக இருந்தால் சில கற்கள் வெயிலில் பால் கலந்தது போல மங்கும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

பாட்டியின் வைரத்தோட்டைப் பிரித்து மோதிரம் செய்யக் கொண்டு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பின்பக்கம் மூடிய கட்டில் இருக்கும் கல்லின் அடிப்பாகம் தெரியாது. எடையும் நிறமும் உத்தேசம்தான், கழற்றினால்தான் உண்மை தெரியும். கழற்றும்போது கல்லுக்கு ஆபத்து இருக்கிறது என்பதைப் பத்தர் முதலிலேயே சொல்ல வேண்டும். பழைய கற்களின் மேல்முகம் சிறியது, மேல்பாகம் உயரமானது. மின்விளக்கு வருவதற்கு முந்தைய தீட்டுமுறை அது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் இன்றைய கற்களைவிட நிதானமாக, பெரிய பெரிய கீற்றுகளாக மின்னும். அதை நவீன வட்டமாகத் தீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். எடையும் போகும், இனிக் கிடைக்காத வேலைப்பாடும் போகும்.

வாங்கியபின் பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வைரத்துக்கு எண்ணெய்ப் பசையோடு ஒட்டுதல் அதிகம். தலைக்குத் தேய்த்த எண்ணெயும் பிசைந்த மாவும் கல்லின் அடியில் படிந்தால் எக்ஸலன்ட் கல்லும் கண்ணாடித்துண்டு போலாகிவிடும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். கழுவும் முன் தொட்டியின் வடிகாலை அடைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதில் வைரத்தின் எடை, தங்கத்தின் எடை, செய்கூலி மூன்றும் தனித்தனியே இருக்கவேண்டும். சான்றிதழ் எண்ணைக் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருந்தால், லென்ஸ் வாங்கி அந்த எண்ணைக் கடையிலேயே படித்துப் பாருங்கள். மில்லிமீட்டர் அளவையும் ரசீதிலேயே கையால் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். நாளை மோதிரத்தை அளவு மாற்றக் கொடுத்து வாங்கும்போது, திரும்பி வந்தது உங்கள் கல்தானா என்று பார்க்க அது உதவும்.