கண்டதா, ஊகித்ததா, கேட்டதா? சத்தியத்தை அன்றாடம் பழகுவது எப்படி

இடுப்பு வலி, முழங்கால் வலி என்றுதான் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் பலர் யோகப் பயிற்சியைத் தேடி வருகிறார்கள். கூடையோடு சரிவில் நாள் முழுக்க நிற்கிற உடம்புக்கு ஆசனம் அவசியம். ஆனால் பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் அங்கம் இயமம், அதாவது ஒழுக்கக் கட்டுப்பாடுகள். அதில் அகிம்சைக்கு அடுத்த இடம் சத்தியத்துக்கு.

“பொய் சொல்லாதே” என்பதோடு சத்தியத்தை நிறுத்திவிடுவதுதான் பொதுவாக நடக்கிற தவறு. யோக சூத்திரத்துக்கான வியாச உரை இன்னும் நுணுக்கமாகக் கேட்கிறது. கண்டது, ஊகித்தது, கேட்டது எதுவோ, சொல்லும் மனமும் அதன்படியே இருக்க வேண்டும். அந்தச் சொல் பிறரை ஏமாற்றக் கூடாது, குழப்பக் கூடாது, பயனற்றதாகவும் இருக்கக் கூடாது. உயிர்களுக்குத் தீங்கு செய்தால் அது உண்மை போலத் தோன்றுமே தவிர சத்தியம் ஆகாது.

இதைப் பழக மழைக்காலத்தைப் போல நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் தொடர்ந்து பெய்தால் போதும், “மேல் டிவிசன்ல மண் சரிஞ்சிருச்சாம், எல்லாரும் போறாங்களாம்” என்று குரல் பதிவுகள் லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பறக்கும். பதுளை மாவட்டத்து மீரியாபெத்தை தோட்டக் குடியிருப்பு 2014 அக்டோபர் 29இல் மண்ணுக்குள் போனதை மறக்காத மக்கள் இவர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனாலேயே பொய்யான எச்சரிக்கை ஆபத்தாகிறது. இரண்டு தடவை வீணாக ஓடியவர்கள் மூன்றாவது தடவை உண்மையான எச்சரிக்கைக்கும் அசைய மாட்டார்கள்.

ஆகவே ஒரு செய்தியை அனுப்புமுன் அது மூன்றில் எது என்று பிரியுங்கள். சுவரில் புதிதாக விட்ட வெடிப்பு, பிளந்த தரை, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவை கண்டவை. இடம், நேரத்தோடு சொல்லுங்கள். “இந்த மேடு இறங்கும் போலிருக்கு” என்பது ஊகம். ஊகம் என்றே சொல்லுங்கள். மற்றதெல்லாம் கேட்டவை, யாரிடம் கேட்டது என்பதையும் சேருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பு என்றால் நிறத்தை மாற்றாமல் சொல்ல வேண்டும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்பது, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராவது, சிவப்பு என்றால் உடனே வெளியேறுவது. மஞ்சளைச் சிவப்பாக்கிச் சொல்வதும் பொய், சிவப்பை மஞ்சளாக்கி ஆறுதல் சொல்வதும் பொய். வெடிப்பைக் கண்ணால் கண்டுவிட்டால் சரிபார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் ஆட்களை நகர்த்திவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குப் பேசுங்கள்.

வீட்டுக்குள் வரும் பொய்கள் வேறு விதம். தவறுகள் மூன்று வழிகளில் நடக்கும் என்கிறது சூத்திரம் 2.34: தானே செய்வது, பிறரைச் செய்ய வைப்பது, செய்வதற்கு உடன்படுவது. ஆசை, கோபம், மயக்கம் என்று வேர்கள் மூன்று. மென்மை, நடுத்தரம், கடுமை என்று அளவுகள் மூன்று. ஆக 27 வகை. இதில் அதிகம் கவனிக்கப்படாதது இரண்டாவது வழி. நுண்கடன்காரர் வாசலுக்கு வந்ததும் “அம்மா வீட்டுல இல்லன்னு சொல்லு” என்று பிள்ளையை அனுப்புகிறோம். பொய்யைப் பிள்ளைதான் சொல்கிறது, ஆனால் கணக்கு நமக்கு. பெரியவர்கள் பயந்தால் இப்படித்தான் தப்பிப்பார்கள் என்றும் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இந்த இடத்துக்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார்செய்து வைத்திருக்க வேண்டும்: “இன்னைக்கு 500 ரூபாதான் இருக்கு. மிச்சத்த சம்பளம் போட்ட மறுநாள் தாறேன்.” தர முடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள், கூடுதலாக ஒப்புக்கொண்டால் அதுவே அடுத்த பொய்க்கு விதை.

உயிருக்கே கேடாகும் பொய் கிளினிக்கில் சொல்லப்படுவது. “சீனி வியாதி மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். போடாமலே போட்டதாகச் சொன்னால், ‘இந்த அளவு போதவில்லை’ என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவை ஒருநாள் முழுதாகப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலையேறினால் சீனி இறங்கிவிடும்; வியர்த்து, கை நடுங்கி, சரிவிலேயே விழ நேரும். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாளுக்கு முன் இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டுவதும் இதே வகைதான். ஏறத்தாழ மூன்று மாத நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அது தெரிந்துவிடும். “வாரத்துல மூணு நாள் மறந்துருது டொக்டர்” என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையாலும் பொய் சொல்லலாம். தராசு 18 கிலோ காட்ட 16 என்று எழுதுவது எழுத்தில் சொன்ன பொய். கொழுந்துக்கு அடியில் முற்றல் இலையை வைப்பது கூடையில் சொன்ன பொய். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். ஒருவருடைய பேரை (முழு நாள் கூலியை) அரைப்பேராக்கும் பேனாவைப் பிடித்தவருக்குச் சத்தியத்தின் சுமை அதிகம். சாதி, இடம், காலம், சூழ்நிலை எதுவும் கட்டுப்படுத்தாத மகாவிரதம் என்று சூத்திரம் 2.31 இயமங்களைச் சொல்கிறது. தோட்டத் துரைக்கு ஒரு உண்மை, லயத்துக்கு ஒரு உண்மை என்று அதில் இடமில்லை.

இனிப் பயிற்சி. பொய் பெரும்பாலும் யோசிக்குமுன் வாயிலிருந்து விழுந்துவிடும்; எனவே பதிலுக்கு முன் ஒரு மூச்சு இடைவெளி வேண்டும். 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டாம். அடக்கினால் படபடப்புக் கூடும். பிரஷர், இழுப்பு உள்ளவர்களுக்கு அது நல்லதும் அல்ல. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) ஓடுகிற அவசரத்தில் இதைப் பழக முடியாது. இரவு படுக்குமுன் 10 சுற்றுப் போதும், அதுவும் வாங்கிலோ கட்டிலிலோ உட்கார்ந்தபடி.

பிறகு ஒரு கொப்பியில் அன்றைய பொய் ஒன்றே ஒன்று. என்ன சொன்னேன், உண்மை என்ன, எது சொல்ல வைத்தது? ஆசை, கோபம், மயக்கத்தோடு பயத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பெரும்பாலான வரிகள் அங்கேதான் விழும். பத்துப் பொய்களை எழுதத் தொடங்குபவர்கள் ஒரு வாரத்தில் குற்றவுணர்வோடு கொப்பியை மூடிவிடுகிறார்கள். ஒன்று என்றால் தொடர முடியும்.

“நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்” என்று மாமியார் மருமகளின் நிறத்தையும் சமையலையும் ஊர் முன்னால் சொல்வது சத்தியம் ஆகாது. அகிம்சை முன்னால் நிற்பது அதற்காகத்தான். அடிக்குப் பயந்து அடைக்கலம் புகுந்த பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் “நான் சொல்ல மாட்டேன்” என்பது போதும். சொல்ல மறுப்பது பொய்யாகாது. ஆனால் மனைவியைத் தண்டிக்க மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு அதற்கு மௌன விரதம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பொய் சொல்லிவிட்டது தெரிந்தால் ஒரு நாளுக்குள், சொன்ன ஆளிடமே திருத்துங்கள். சொன்னது இது, உண்மை இது, இனிச் செய்யப்போவது இது என்று மூன்று வாக்கியம் போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் அது நியாயப்படுத்தலாக நீண்டுவிடும். பிள்ளையைச் சொல்ல வைத்திருந்தால் பிள்ளையிடமும் இதே மூன்று வாக்கியம். வட்சப் குழுவில் போட்டதென்றால் பதிவை அழித்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டாம். அதே குழுவில் திருத்தத்தை அனுப்பி, முதல் பதிவை எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினார்களோ அங்கும் போடச் சொல்லுங்கள்.