கீழவையா, பேரவையா? எம்.எல்.ஏ.வுக்குச் சரியான தமிழ் எது?

எங்கள் தாத்தா கடைசி வரைக்கும் "அசெம்பிளி மெம்பர்" என்றுதான் சொல்வார். அப்பா வாயில் வருவது "சட்டசபை உறுப்பினர்". நான் எழுதும்போது சட்டமன்ற உறுப்பினர், பேசும்போது எம்.எல்.ஏ., அதையும் அவசரத்தில் எம்மெல்லே. ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு இத்தனை பெயர். போன வாரம் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றில் ஒரு பதவிக்காலத்தில் யார் யார் உறுப்பினர்களாக இருந்தார்கள் என்ற பட்டியலைத் தமிழில் தர வேண்டுமாம், தலைப்பில் "கீழவை உறுப்பினர்கள்" என்று போட்டால் போதுமா என்று கேட்டாள். போதாது என்றேன். ஏன் என்று கேட்டாள், அங்கேதான் பேச்சு நீண்டது.

முதலில் இந்தக் கீழவையைப் பார்த்துவிடலாம். இரண்டு அவைகள் இருக்கும் இடத்தில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதைக் கீழவை என்பது ஆங்கில வழக்கின் நேர்ப்பெயர்ப்பு. பிரபுக்கள் மேலே, பொதுமக்கள் கீழே என்று பிரிட்டனில் இருந்த கணக்கு. நம் ஊரில் கவுன்சிலை "மேலவை" என்று மொழிபெயர்த்தார்கள், ஆனால் அசெம்பிளியைக் கீழவை ஆக்கவில்லை, "பேரவை" ஆக்கினார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கவுன்சில் என்ற சொல்லில் மேலும் இல்லை, கீழும் இல்லை. தமிழில் மட்டும் ஒன்று மேலவை, இன்னொன்று பேரவை. கீழ் என்ற சொல்லைத் தமிழ்க் காது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை மாதிரி இருக்கிறது. பெருமை என்ற சொல்தான் உயிரெழுத்துக்கு முன்னால் பேர் என்று நீளும்: பேரூர், பேராசிரியர், பேரவை.

தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 முதல் மேலவையே கிடையாது. மேலே ஒன்று இல்லாதபோது கீழே என்று எதைச் சொல்வது? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தும் இதே கதைதான், அவர்கள் 1922லேயே மேலவையை எடுத்துவிட்டார்கள்.

சரி, சட்டமன்றமா சட்டப்பேரவையா? நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் புழங்குகிறோம், தப்பில்லை. ஆனால் கறாராகப் பார்த்தால் சட்டமன்றம் என்பது சட்டம் இயற்றும் மொத்த அமைப்பு, பேரவை அதில் ஓர் அவை. அதனால்தான் அரசு ஏடுகளில் "சட்டமன்றப் பேரவை" என்று நீளமாக அச்சடிக்கிறார்கள். மேலவை இருந்த காலத்தில் அது "சட்டமன்ற மேலவை". மேலவை போனபிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டதால் வித்தியாசம் யாருக்கும் உறுத்துவதில்லை.

மன்றம் பழைய சொல். ஊர் நடுவே மரத்தடியில் ஆட்கள் கூடும் வெளி இடம் மன்று, மன்றம். பூம்புகாரில் ஐந்து வகை மன்றங்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வழக்கைக் கொண்டுபோய் அங்கே நின்று பேசுவதுதான் மன்றாடுவது. இன்று கெஞ்சுவதற்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம், அதிலேயே பாதி சரித்திரம் இருக்கிறது. அவையும் பழையது. உறையூரில் சோழர் அவையில் அறம் நிலைத்து நின்றதாகப் புறநானூறு பாடுகிறது, குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களே உண்டு. வடமொழி சபைதான் சகரம் உதிர்ந்து அவை ஆனது என்று சொல்பவர்கள் உண்டு (சமணர் அமணர் ஆனதுபோல), இல்லை, அது தனித்தமிழ் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் இரண்டாயிரம் வருடம் புழங்கிய சொல்லை வெளியூர்ச் சொல் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சபையும் இங்கே புதிதில்லை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் சபை இருக்கிறது, முப்பது குடும்புகளில் (ஊரின் பிரிவுகளில்) குடவோலை எடுத்து ஒரு வருடத்துக்கு வாரியம் என்ற குழுவுக்கு ஆள் போட்டார்கள், ஏற்கெனவே வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரையும் எழுதக்கூடாது. ஆனால் அது பிராமணர் ஊர்களின் அமைப்பு. மற்ற ஊர்களில் கூடியதற்குப் பெயர் வெறும் "ஊர்".

உறுப்பினர் என்ற சொல்லைப் பிரித்தால்தான் எனக்கு உண்மையில் சந்தோஷம் வருகிறது. மெம்பர் என்பது லத்தீனில் கை கால் போன்ற உடல் உறுப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பழைய பத்திரிகைகளில் வரும் "அங்கத்தினர்" வடமொழி அங்கம், அதுவும் உடலுறுப்பு. உறுப்பினர் சொல்லவே வேண்டாம். அப்போ இது வெறும் மொழிபெயர்ப்புதானா என்றால், முழுக்க அப்படியில்லை. "உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை" என்று படையின் பிரிவுகளை உறுப்பு என்கிறது குறள். ஓர் அமைப்பின் பகுதியை உறுப்பு என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது, அதோடு ஒரு "இனர்" சேர்த்தால் ஆள் வந்துவிட்டார்.

அப்புறம் எம்.எல்.ஏ., எம்.எல்.சி. குழப்பம். எம்.எல்.சி., அதாவது கவுன்சில் மெம்பர், என்றாலே மேலவை என்று எடுத்துக்கொள்வது பழைய ஆட்களைப் பற்றி எழுதும்போது காலை வாரிவிடும். 1937க்கு முன்னால் சென்னை மாகாணத்தில் ஒரே அவைதான், அதன் பெயரே கவுன்சில். முத்துலட்சுமி ரெட்டி போனது அங்கேதான். அவரை "மேலவை உறுப்பினர்" என்று எழுதினால் தப்பு, அப்போது மேலவை என்று ஒன்று கிடையாது. 1935 இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகுதான் அவை இரண்டானது, 215 பேர் கொண்ட பேரவையும் வந்தது.

ஒரு பதவிக்காலத்தின் உறுப்பினர் பட்டியல் என்பது தேர்தல் முடிவைப் பார்த்து எழுதிவிடும் காரியம் என்று தோழி நினைத்திருந்தாள். அவளுக்கு நான் காட்டியது 1952இல் தேர்தல் நடந்து அமைந்த சென்னை மாநிலத்தின் முதல் பேரவையை. மொத்தம் 375 பேர், ஆனால் தொகுதிகள் 309தான். 66 தொகுதிகளில் ஆளுக்கு இரண்டு ஓட்டு, இரண்டு உறுப்பினர், அதாவது "எங்க தொகுதி எம்.எல்.ஏ." என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. (1962 தேர்தலில்தான் எல்லாமே ஒற்றைத் தொகுதி ஆனது.) காங்கிரசுக்குக் கிடைத்தது 152, பெரும்பான்மை இல்லை. அப்போது முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். ராஜாஜியைக் கூப்பிட்டு மேலவைக்கு நியமனம் செய்து முதலமைச்சர் ஆக்கினார்கள், ஆகவே இந்தப் பேரவையின் பட்டியலில் அதன் முதல் முதலமைச்சர் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1954இல் அடுத்து வந்த காமராஜர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. அதன்பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான் உள்ளே வந்தார், அதனால் அவர் பெயர் பட்டியலில் உண்டு, ஆனால் 1952 முடிவுகளில் இருக்காது.

இன்னும் முடியவில்லை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது, பெல்லாரிப் பக்கம் மைசூருக்குப் போனது, பேரவை 231 ஆகச் சுருங்கியது. 1956 நவம்பர் 1இல் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போக, மிஞ்சியது 190. ஒரே பேரவை, ஒரே பதவிக்காலம், கிட்டத்தட்ட பாதிப் பேர் தோற்காமலேயே வெளியே போய்விட்டார்கள்! 234 என்ற இன்றைய எண்ணிக்கை 1967 தேர்தலில்தான் வந்தது.

பிரிந்து போன பக்கங்களில் இதே வேலைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். தெலுங்கில் சாசனசபை. கன்னடத்தில் விதானசபை, உறுப்பினர் சாசக. மலையாளத்தில் நியமசபை, உறுப்பினர் நியமசபாங்கம், அங்கேயும் அதே அங்கம். மூன்று பேரும் சபையை வைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சட்டத்துக்கு மட்டும் ஆளுக்கொரு வடசொல் போட்டார்கள். தமிழில் நேர் எதிர், முன்னால் சட்டம் அப்படியே நின்றது, பின்னால் இருந்த சபை போய் மன்றமும் பேரவையும் வந்தன. ஆனாலும் இன்று டிவி விவாதத்தில் பேரவைத் தலைவர் என்று ஆரம்பித்தவர் இரண்டாவது வரியில் சபாநாயகர் என்றுதான் சொல்கிறார். நானும் அப்படித்தான்.

பதவிக்காலம் என்பதிலும் ஒரு சின்னச் சிக்கல். ஐந்து வருடக் கணக்கு ஓட்டு எண்ணிய நாளிலிருந்து இல்லை, பேரவை முதலில் கூடும் நாளிலிருந்து. அதனால் "1952ஆம் ஆண்டு எம்.எல்.ஏ.க்கள்" என்பதைவிட "முதலாவது சட்டப்பேரவையின் உறுப்பினர்கள்" என்று எழுதுவது பத்திரம், இடையில் வந்தவர் போனவர் எல்லாரும் அதில் அடங்குவார்கள். 2021இல் அமைந்தது அந்தக் கணக்கில் பதினாறாவது.

தோழி கடைசியில் தலைப்பில் "சட்டப்பேரவை உறுப்பினர்கள்" என்று போட்டு, அந்த மாநிலத்தில் மேலவையும் இருப்பதால் உள்ளே ஒரே ஓர் இடத்தில் மட்டும் "கீழவை எனப்படும்" என்று சேர்த்துக்கொண்டாள். இடைத்தேர்தலில் வந்தவர்களைத் தனியாகக் குறித்தாயா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம்.