குணசாலி: ரூத்துக்குக் கிடைத்த பெயரின் பொருள் என்ன?

திருமண ஆராதனைகளில் தவறாமல் காதில் விழும் சொல் 'குணசாலி'. மணமகளைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மணமகனைப் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்ற நீதிமொழிகள் 31:10-இலிருந்து எடுத்துப் பேசுவார்கள். பிரசங்கம் முடிவதற்குள் அந்தச் சொல் பெரும்பாலும் 'அடங்கி நடப்பவள், எதிர்த்துப் பேசாதவள்' என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். மூலச் சொல்லில் அந்தப் பொருள் துளியும் இல்லை.

முதலில் தமிழில் இருக்கும் சொல்லைப் பார்ப்போம். 'குணம்', 'சாலி' இரண்டுமே வடமொழி வழி வந்தவை. குணத்துக்கு அங்கே நூலிழை, வில்லின் நாண் என்றெல்லாம் பொருள் உண்டு; தமிழில் பண்பு என்ற பொருளே நிலைத்தது. 'சாலி' என்பது உடையவர் என்று பொருள் தரும் பின்னொட்டு. புத்திசாலி, பலசாலி, பாக்கியசாலி எல்லாம் அதே வகை. (நிறைவைக் குறிக்கும் 'சால்பு' வேறு. ஒலியை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.) ஆக, குணசாலி என்றால் நல்ல பண்புடையவர். சொல்லளவில் ஒரு குறையும் கிடையாது. மூல மொழியான எபிரெயத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இடிக்கிறது.

அங்கே இருப்பது 'ஏஷெத் ஹாயில்'. ஏஷெத் என்றால் பெண், மனைவி. ஹாயில் என்றால் வலிமை, வீரம், திறமை, செல்வம், சேனை. பழைய ஏற்பாட்டில் 200 தடவைக்கு மேல் வரும் சொல் இது. பல இடங்களில் நேரடியாகப் படையையே குறிக்கிறது. செங்கடலில் மூழ்கிய பார்வோனின் இராணுவமும் ஹாயில்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், இஸ்ரவேலின் தலைவனாகப்போகும் கிதியோனைத் தேவதூதன் அழைக்கும்போது இதே சொல் "பராக்கிரமசாலி" ஆகிறது. மோசேயிடம் அவர் மாமனார் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆட்கள் "திறமையுள்ள மனிதர்" ஆகிறார்கள். ரூத்தின் மாமனார் வழி உறவினனான போவாஸ் அறிமுகமாகும் ரூத் 2:1-இல் "ஆஸ்திக்காரன்". பெண்ணிடம் வந்ததும் "குணசாலி". தகுதியுள்ளவர் என்ற ஒழுக்கப் பொருளிலும் ஹாயில் சில இடங்களில் வருவதுண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆணுக்கு வீரமும் திறமையும் சொத்துமாக வரும் சொல், பெண்ணுக்கு மட்டும் குணமாக மாறுவதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, வேதத்தில் ஒரு குறிப்பிட்ட பெண்ணை நேருக்கு நேர் பார்த்து 'ஏஷெத் ஹாயில்' என்று சொன்னது ஓர் இடத்தில்தான். ரூத் 3:11. அவள் யார் என்று பாருங்கள். இஸ்ரவேலுக்கு அந்நியமான மோவாபியப் பெண்; மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23:3. கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை, நிலம் இல்லை. அறுப்பவர்கள் பின்னால் போய்ச் சிந்திய கதிரைப் பொறுக்குகிறாள். சட்டம் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைத்த பங்கு அது.

வயலில் அவளைப் பார்த்ததும் போவாஸ் வேலைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்தப் பெண்பிள்ளை யாருடையவள்?" பெயரைக் கேட்கவில்லை. எந்த வீட்டுக்குச் சொந்தம் என்பதே கேள்வி. அன்று சாயங்காலம்வரை பொறுக்கித் தட்டி, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையை அவள் வீட்டுக்குச் சுமந்து போகிறாள். தான் சாப்பிட்டதில் மீந்ததையும் மாமியாருக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த அதிகாரத்தில், களத்தில் நள்ளிரவில், "நீ யார்?" என்று அதே போவாஸ் கேட்கும்போது அவளே தன் பெயரைச் சொல்கிறாள், மீட்கும் உறவினனாக, அதாவது இறந்துபோன உறவினனின் குடும்பத்தைத் தாங்க வேண்டிய நெருங்கிய உறவினனாக, அவன் கடமையைச் செய்யும்படி கேட்கிறாள். அடங்கி ஒடுங்கிய பெண் செய்கிற காரியமா இது? அப்போதுதான் அவன், நீ குணசாலி என்பதை ஊராரெல்லாரும் அறிவார்கள் என்கிறான். யாருடையவள் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. அப்போது அவளுக்குக் கணவனும் இல்லை என்பதை, இந்தச் சொல்லை மனைவியரின் பட்டமாகவே வைத்திருக்கும் பிரசங்கிகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

நீதிமொழிகள் 31-க்கு வந்தால், எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தொடங்கும் 22 வசனப் பாட்டு அது. உள்ளே போர்க்கள வாடை அடிக்கிறது. "சம்பத்துக் குறையாது" என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது கொள்ளைப்பொருள்; "ஆகாரம்" என்ற இடத்தில் இரை. கிரேக்க மொழிபெயர்ப்பு ஆண்மையின் வேரிலிருந்து வரும், துணிவைக் குறிக்கும் சொல்லைப் போட்டது. லத்தீன் 'பலமான பெண்' என்றது. பழையவர்கள் மென்மைப்படுத்தவில்லை.

அதே பாட்டின் 25-ஆம் வசனம், "அவள் உடை பலமும் அலங்காரமுமாயிருக்கிறது." அலங்காரம் என்றதும் நகையும் பூவும் நினைவுக்கு வரும். மூலச் சொல் 'ஹாதார்'. சங்கீதம் 104:1-இல் கடவுள் அணிந்திருக்கும் "மகத்துவம்" இதுவே. சங்கீதம் 8:5-இல் மனிதனுக்கு முடியாகச் சூட்டப்படும் "கனம்" இதுவே. 'மனித மாண்பு' என்று நாம் இன்று பேசுவதற்கு வேதத்தில் நெருங்கி நிற்கும் சொல்லும் இதுதான் என்பேன். கடவுளுக்கு மகத்துவம், மனிதனுக்குக் கனம், அவளுக்கு மட்டும் ஏன் அலங்காரம்? 'வலிமையும் மாண்பும் அவள் உடை' என்று எழுதியிருந்தால் யாருக்கும் நகை ஞாபகம் வந்திருக்காது.

அப்புறம், ஏஷெத் ஹாயிலுக்கு நல்ல தமிழ் எது? 'குணவதி' அதே குட்டையில்தான் நிற்கிறது. 'வீரப்பெண்' மேடைப் பேச்சுபோல இருக்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் 'திறமை வாய்ந்த மனையாள்' பரவாயில்லை. ஆனால் மனையாள் என்பது ரூத்துக்குப் பொருந்தாது. என் தேர்வு 'ஆற்றலுடையவள்'. ஆற்றுதல் என்றால் செய்து முடித்தல்; பொறுத்தலும் அதுவே; பசியைத் தணிப்பதையும் பசியாற்றுதல் என்கிறோம். பசியைப் பொறுப்பவரின் ஆற்றலைவிட அடுத்தவர் பசியை மாற்றுபவரின் ஆற்றலைப் பெரிதாக வைக்கிறது 225-ஆம் குறள். மீந்ததை மாமியாருக்கு எடுத்து வைத்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. ரூத் 2:1-இல் போவாஸையும் 'ஆற்றலுடையவன்' என்றே எழுதலாம். எபிரெயத்தில் கேட்பவர் காதில் விழுவதுபோல, நிலக்காரனுக்கும் கதிர் பொறுக்கியவளுக்கும் ஒரே சொல் வந்துவிடும்.